தட்டைச் சாய்த்துப் பார்

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவர் கையில் முதலில் பிப்பெட் தரமாட்டார்கள். பாஸ்டுரெல்லா மல்டோசிடா வளர்ந்த பெட்ரி தட்டையும் ஒரு மேசை விளக்கையும்தான் தருவார்கள். கோழிகளுக்குக் கோழிக் காலராவும், மாடு எருமைகளுக்குத் தொண்டை அடைப்பானும் கொண்டுவரும் பாக்டீரியா அது.

"மேலேருந்து பாத்தா எல்லாம் ஒண்ணுதாம்மா. வெளிச்சம் அடியிலேருந்து சாய்வா வரணும்" என்றார் டெக்னீஷியன் அண்ணன். தட்டை மெல்லத் திருப்பினால் வானவில் நிறங்களில் மினுங்கும் காலனிகளுக்கு நடுவே நீலச்சாம்பலாக ஒன்றிரண்டு தட்டுப்படும். மினுங்குபவை மேலுறை உள்ளவை. சாம்பல் நிறத்தவை அதை இழந்தவை. ஏறக்குறைய 18 மணி நேர வளர்ப்பில்தான் இது நன்றாகத் தெரியும். பழைய தட்டில் மினுக்கம் மங்கிவிடும். ஆகவே விடியற்காலையில் எழுவதும் இந்தத் தொழிலில் ஒரு பாடம்.

கோழிகளைத் தாக்கும் 'ஏ' வகையின் மேலுறை ஹையலுரானிக் அமிலத்தால் ஆனது. கோழியின் திசுக்களிலும் அதே பொருள் இருப்பதால், நோயெதிர்ப்பு செல்கள் அதை அந்நியமென்று எளிதில் கண்டுகொள்வதில்லை. மேலுறை அந்த அமிலம்தானா என்று சோதிக்க, தட்டின் குறுக்கே ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸை ஒரு கோடாக இழுப்போம். மறுநாள் அந்தக் கோட்டை ஒட்டிய கொழகொழத்த காலனிகள் மட்டும் வற்றிச் சிறுத்திருக்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் விடும் நொதி மேலுறையைக் கரைத்திருக்கும். ஒரு கிருமியை விட்டு இன்னொன்றின் சட்டையைக் கழற்றுகிற இந்த வேலை, எனக்குப் பி.சி.ஆரை விடப் பிடித்தது.

தட்டிலிருந்து தட்டுக்கு சப்கல்ச்சர் செய்துகொண்டே போனால் சாம்பல் காலனிகள் தலைகாட்டும். உடலுக்குள் கிருமியைக் காக்கும் மேலுறை, அகாரில் வெறும் செலவுதானே. மேலுறை மரபணுக்களே கெட்டிருக்கும் என்று யாருக்கும் தோன்றும். 2010இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தானாக மேலுறை இழந்த மூன்று திரிபுகளை ஆராய்ந்தார்கள். அந்த மரபணுக்களில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவற்றிலிருந்து ஆர்.என்.ஏ. மிகக் குறைவாகவே உருவாகியிருந்தது. ஒரு திரிபின் மரபணுத்தொகை முழுவதையும் படித்தபோது, வேறோர் இடத்தில், ஃபிஸ் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. மற்ற இரண்டிலும் கோளாறு ஃபிஸில்தான். பழுதில்லாத ஃபிஸை உள்ளே செலுத்தியதும் மூன்றுக்கும் மேலுறை திரும்பியது. மேலுறையோடு போயிற்றா என்றால் அதுவும் இல்லை: ஃபிஸ் பழுதான ஒரு திரிபில் ஏறத்தாழ 30 மரபணுக்கள் அடங்கிப்போயிருந்தன. பல வகைத் திரிபுகளுக்கு எதிராகவும் பாதுகாப்புத் தரவல்ல பிஎல்பிஇ என்ற புரதத்தின் மரபணுவும் அவற்றில் ஒன்று. தடுப்பூசிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஃபிஸ், டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு மற்ற மரபணுக்களை இயக்கும் சிறு புரதம். ஈ.கோலையில் அது வளர்ச்சியின் தொடக்கத்தில் பொங்கிப் பெருகி, வளர்ச்சி ஓய்ந்ததும் அடங்கிவிடும். ஆர்.என்.ஏ. எடுக்கக் கற்றபோது அண்ணன் ஓயாமல் சொன்னதன் பொருள் இதில்தான் இருந்தது: "மணியப் பாக்காதே, கலங்கலப் பாரு." ஒப்பிட வேண்டிய இரண்டு குடுவைகளும் 600 நானோமீட்டர் ஒளியில் ஒரே அளவு கலங்கலைக் காட்டும்வரை எதையும் எடுக்கக் கூடாது. வளர்ச்சி நிலை வேறானால், நாம் காணும் வித்தியாசம் திரிபுடையதா நேரத்துடையதா என்று பிரிக்கவே முடியாது.

சப்கல்ச்சரில் ஃபிஸ் கெட்டுவிடக்கூடும் என்பதால், இப்போது ஒவ்வொரு சோதனைக்கும் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியிலிருந்து கிளிசரால் குப்பி ஒன்றைப் புதிதாக எடுக்கிறேன். எத்தனையாவது சப்கல்ச்சர் என்று மேலே எழுதியிருக்க வேண்டும். எழுதாத குப்பி யாருடையதானாலும் அண்ணன் கேட்காமலே ஆட்டோகிளேவில் போட்டுவிடுவார்.