பாட்டனாரின் சவரத் தூரிகை

சென்ற கோடை விடுமுறையிலே, புதுவையைச் சார்ந்த குருசுக்குப்பத்திலுள்ள எம் இல்லத்தில், யான் ஒரு பழைய சவரத் தூரிகைக்குப் புதுக்குஞ்சம் பொருத்தினேன். தமிழ் இலக்கணம் பயில்வான் எழுதுதற்கு இஃதும் ஒரு பொருளோ என நகுவார் நகுக.

அத்தூரிகை என் பாட்டனாருக்கு அவர்தம் தந்தையார் அளித்தது. அத்தந்தையார் பிரெஞ்சுப் படையிற் சேர்ந்து, புதுவையார் வழக்கிற் கூறின் ‘சொல்தா’வாகி, சைகோனில் ஊழியம் புரிந்தவர். 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் புதுவை இந்திய அரசின் ஆட்சிக்கு மாறிற்று. அதற்கடுத்த ஆண்டில் அவர் ஊர் திரும்பினார். அவர் பெட்டியிற் கொணர்ந்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பது இஃதொன்றே.

பாட்டனார் இதனைத் தூரிகை என்னார்; ‘ப்ளெரோ’ என்பார். பிரெஞ்சு மொழியில் அது வளைதோண்டி வாழும் ஒரு விலங்கின் பெயர். விலங்கின் பெயர் அதன் மயிருக்காகி, பின்னர் அம்மயிராலாகிய தூரிகைக்கும் ஆயிற்று. வகுப்பில் ஆகுபெயர் படித்து அலுத்திருந்த எனக்கு, இருமடியாகுபெயர் ஒன்று எம் வீட்டுக் கண்ணாடி மாடத்திலேயே கிடந்தமை பெருவியப்பாயிருந்தது.

ஆனால் அவ்விலங்கின் மயிரோ நாடோறும் உதிர்ந்து பாட்டனாரின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கடையிற் புதியது வாங்குவோமென்றால், “பிடி நன்றாகத்தானே இருக்கிறது?” என்பார். செயற்கை இழைக் குஞ்சமொன்றை வருவித்தேன். அது ப்ளெரோ ஆகாதென்றார். நம் கரையில் கற்குவியலருகே கிடக்கும் வலைகள் பருத்தி நூலினின்று நைலானுக்கு மாறியும் வலையென்றே வழங்கவில்லையா என்று வாதிட்டேன். அவர் விடை கூறாது, வெட்டும் மயிரை எறிந்துவிடாதே என்று மட்டும் சொன்னார். வெட்டியதைத் தீப்பெட்டியொன்றில் இட்டுக் கொடுத்தேன்.

பிடி தந்தமன்று, நுண்ணிய கரும்புள்ளிகள் காணப்பட்டமையின் எலும்பென்று அறிந்தேன். அறிந்தும் பிழை செய்தேன். முதல் உலகப்போர்க் காலத்தில், தூய்மை செய்யப்படாத குதிரைமயிர்த் தூரிகைகளால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர்க்கு அடைப்பான் நோய் கண்டதென்று படித்திருந்தேன். எழுபதாண்டு நாளும் முகத்திற் பட்டுப் பழகிய தூரிகைக்கு அவ்வச்சம் வேண்டாததே. எனினும் கொதிநீரை ஊற்றி ஊறவைத்தேன். உலர்ந்தபொழுது பிடியின் ஒரு பக்கத்தில் மயிரிழையளவு வெடிப்பொன்று ஓடியிருந்தது. அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

மறுநாள் குழியினுட் கெட்டிப்பட்டிருந்த சாந்தைச் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்தேன். குஞ்சத்தின் அடி 22 மில்லிமீட்டர். குழியின் வாய் அதற்குச் சற்றுக் குறுகியிருந்தமையால் அரத்தால் மெல்ல அகற்றினேன். ஒட்டுமுன் எவ்வளவு ஆழம் இறக்குவதென்று பார்த்தல் வேண்டும். மிக இறக்கின் இழை விறைத்து முகத்தைக் குத்தும். மிக உயர்த்தின் துவண்டு நுரையெழாது. அடியில் தக்கைத் துண்டொன்று வைத்து, 50 மில்லிமீட்டர் வெளியே நிற்குமாறு அமைத்தேன். இரு குழாய்களினின்றும் சமமாகப் பிதுக்கிக் குழைத்த அரால்டைட் பசையை அடியில் மட்டும் தடவிப் பொருத்தி, ஒரு பகலும் ஓரிரவும் தொடாது வைத்தேன். எஞ்சிய பசையை வெடிப்பினுட் செலுத்தி உப்புத்தாளால் தேய்த்தேன். கண்ணுக்குப் புலப்படவில்லை. பாட்டனாரிடம் சொல்லவுமில்லை.

ஞாயிறு காலை, பூசைக்குச் செல்லுமுன், அவரே நுரை குழைத்தார். கை நடுங்குமாதலின் சவரக்கத்தியை யான் பிடித்தேன். இரு கன்னமும் வெண்ணுரை பூசியபின் அவர் பெருவிரல் பிடியின் ஓரிடத்தில் நின்றது. மீண்டும் அவ்விடத்தைத் தடவிற்று.

“ராசா, இது முன்னே இல்லையே?”

“இல்லை தாத்தா. நான் கொதிநீர் ஊற்றிவிட்டேன்.”

சிறிது நேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எலும்புக்கு வெதுவெதுப்பே போதும்” என்று கூறி, தூரிகையை மாடத்தில் நிமிர்த்தி வைத்து, வலக்கன்னத்தை என்பக்கம் திருப்பினார்.