பென் லோமண்டும் அப்பாவும் பின்னே ஒரு மணியும்

974 மீட்டர். பென் லோமண்ட் மலையோட உயரம் இவ்வளவுதான். நம்ம ஊட்டியே 2,240 மீட்டர். அதனால, "ஒரு மலை ஏறப் போலாமாப்பா?"ன்னு கேட்டுட்டு உயரத்தைச் சொன்னதும் அப்பா சிரிச்சதுல ஆச்சரியமே இல்லை. "ஏங்கண்ணு, வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறுனவனுக்கு இதென்ன, நம்மூருக் கரடு மாதிரி"ன்னுட்டார்.

அப்பாவுக்கு 66 வயசு. வலது முழங்கால்ல தேய்மானம். அக்டோபர்ல கிளாஸ்கோவுலேர்ந்து கோயமுத்தூர் திரும்பறார். அடுத்த தடவை வர்றப்ப அந்த முழங்கால் என்ன சொல்லுமோ! அதனால செப்டம்பர் கடைசி சனிக்கிழமை போறதுன்னு முடிவு. மேஜை மேல மேப்பை விரிச்சு வெச்சுக்கிட்டு நாங்க போட்ட திட்டம்தான் மக்களே இந்தப் பதிவு.

முதல்ல உயரக் கணக்கு. ஊட்டிக்கு பஸ்ஸே கொண்டு போய் விட்டுடும். இங்கே லோமண்ட் ஏரிக்கரையில ரோவர்டென்னன்ங்கற இடத்தோட ரோடு முடிஞ்சுடுது. அந்த ஏரியே கடல் மட்டத்துக்கு சில மீட்டர்தான் மேல. ஆக, 974-ல கிட்டத்தட்ட மொத்தத்தையும் காலாலதான் ஏறணும். போக வர 12 கிலோமீட்டர்.

ஸ்காட்லாந்துல 3,000 அடிக்கு மேல இருக்கற மலைகளுக்கு மன்றோன்னு பேர். சர் ஹியூ மன்றோங்கறவர் 1891-ல போட்ட பட்டியல் அது. இப்போதைய கணக்குல மொத்தம் 282. அதுல தெற்குக் கோடியில இருக்கறது நம்ம பென் லோமண்ட். நல்ல பாதை இருக்கு, கூட்டமும் வரும். அதுக்காக இளக்காரமா நினைச்சுடக் கூடாது.

அடுத்து நேரக் கணக்கு. வில்லியம் நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல ஒரு சூத்திரம் சொல்லி வெச்சார். இப்போ கிலோமீட்டர்ல சொல்றதுன்னா, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம். நமக்கு 12 கிலோமீட்டருக்கு 2 மணி 24 நிமிஷம். சுமார் 960 மீட்டர் ஏத்தத்துக்கு 1 மணி 36 நிமிஷம். கூட்டினா 4 மணி நேரம்.

ஆனா இது நிக்காம நடக்கற தெம்பான ஆளுக்கு. அப்பாவுக்கு ஒன்றரை மடங்கு போட்டேன், 6 மணி நேரம். சாப்பாடு, போட்டோ, முழங்காலுக்கு ஓய்வுன்னு இன்னும் ஒண்ணு. மொத்தம் 7. காலையில 9 மணிக்குக் கிளம்பினா சாயங்காலம் 4 மணிக்குக் கீழே. அந்த வாரம் சூரியன் மறையறது 7 மணிவாக்குல. 3 மணி நேரம் கையிருப்பு. இதே திட்டத்தை டிசம்பர்ல போட்டா அவ்ளோதான், அப்போ பகலே 7 மணி நேரம்தான்!

இதுல ஏறறதுக்கு மட்டும் 4 மணி நேரம் ஒதுக்கியாச்சு. அதனால காகிதத்துல பெரிசா எழுதினேன்: "மதியம் 1 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பணும்."

அங்கேதான் வந்துச்சு வினை.

"உச்சி கண்ணுக்குத் தெரிஞ்சாலுமா?"

"தெரிஞ்சாலும்தான்ப்பா."

"சாமி பக்கத்துல போயிட்டு எவனாவது திரும்புவானா?"

நியாயமான கேள்விதான். ஆனா வெள்ளியங்கிரிக்கு ஜனங்க போறது பிப்ரவரியிலேர்ந்து மே வரைக்கும், மழை கம்மியான காலத்துல. கையில மூங்கில் தடி, முன்னாலயும் பின்னாலயும் கூட்டம். இங்கே மேல மரம் கிடையாது, ஒதுங்க ஒரு கொட்டகை கிடையாது, டீக்கடைக்குப் பேச்சே இல்லை. 1,000 மீட்டர் ஏறினா வெப்பம் 6, 7 டிகிரி குறையும், அதோட காத்து. மேகம் இறங்கிட்டா பத்தடி தள்ளி இருக்கறது தெரியாது. உச்சிக்குப் பக்கத்துல வடகிழக்குப் பக்கம் செங்குத்தான பாறைச் சரிவு வேற. எல்லாத்துக்கும் மேல, தேய்ஞ்ச முழங்காலுக்கு ஏத்தத்தை விட இறக்கம்தான் எமன்.

நான் சொல்ல வந்தது இதுதான்: மேல நின்னுக்கிட்டு "இன்னும் கொஞ்ச தூரம்தானே"ன்னு முடிவெடுக்கற மூளையும், வீட்டுல காபி குடிச்சுக்கிட்டு முடிவெடுக்கற மூளையும் ஒண்ணு இல்லை. திரும்பற நேரத்தை வீட்டு மூளைதான் குறிக்கணும்.

மத்த முடிவுகள் சண்டையில்லாம முடிஞ்சுது. இறங்கறதுக்கு டார்மிகன் முகடு வழின்னு ஒண்ணு இருக்கு. காட்சி அருமையா இருக்கும், ஆனா செங்குத்து, கரடுமுரடு. வேண்டாம், வந்த வழியே திரும்பறோம். வெள்ளிக்கிழமை ராத்திரி மலைகளுக்குன்னே வர்ற வானிலை அறிக்கையைப் பாக்கறோம். உச்சியில காத்து மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேலன்னா ரெண்டாவது திட்டம்: பால்மஹாவுக்கு மேல இருக்கற கோனிக் ஹில், 361 மீட்டர். ஏரித் தீவுங்க வரிசையா நிக்கறது அங்கேர்ந்து ஜோராத் தெரியும்.

ஜீன்ஸ் கூடாது, நனைஞ்சா காயாது. மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை, ரெண்டு ஊன்றுகோல், டார்ச், விசில், காகித மேப், ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. குளிர்ல போன் பேட்டரி சீக்கிரம் படுத்துடும், அதை மட்டும் நம்பக் கூடாது. ஆபத்துன்னா 999 அடிச்சு முதல்ல போலீஸ், அப்புறம் மலை மீட்புக் குழுன்னு கேக்கணும். புளிசாதம் அம்மா பொறுப்பு. அப்பாவோட மங்கி கேப்புக்கு முதல் தடவையா வீட்டுல எதிர்ப்பே இல்லை.

கடைசியில அந்த 1 மணிக்கும் ஒரு வழி பண்ணினேன். "திரும்பலாம்"னு சொல்ற அதிகாரம் அப்பாவுக்கு. அவர் கைக்கடிகாரம்தான் கணக்கு. கொஞ்ச நேரம் யோசிச்சார். "சரி கண்ணு, நானே சொல்றேன்"னார்.

அது பழைய ஹெச்எம்டி. எப்பவும் பத்து நிமிஷம் வேகமா ஓடும். நான் ஒண்ணும் சொல்லிக்கலை :-)