எண் கூட வேண்டும்

அப்பா விட்டுச்சென்றவற்றில் நாங்கள் மூவரும் பங்கு பிரிக்க இயலாமல் நின்றது, 1964ஆம் ஆண்டின் அம்பாசடர் மார்க் 2 ஒன்றுதான். ஒன்பது ஆண்டுகள் கொட்டகையில் கிடந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று ஒருவரும், ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இருவரும் சொன்னோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த வண்டியில் ஒருமுறை ஏற்காட்டுக்குப் போய்வர வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

பேட்டரியும் குழாய்களும் மாற்றியபின் இன்ஜின் உயிர்பெற்றது. ஆனால் விட்டுவிட்டு ஓடியது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினோம், நான்கும் கறுத்திருந்தன. அவை சாம்பியன் என்5. கருவிப்பெட்டியில் அப்பாவின் குறிப்பேடு கிடைத்தது. ‘ஊருக்குள் மட்டும் ஓட்டினால் ஒரு படி சூடான பிளக். எண் கூட வேண்டும்’ என்று அவர் கையெழுத்தில் இருந்தது.

பிளக்கில் சூடு, குளிர் என்று சொல்வது பொறியின் வலிமையைப் பற்றியதல்ல. நடுவிலுள்ள பீங்கானின் மூக்கு நீண்டிருந்தால் வெப்பம் மெல்ல வெளியேறும். அது சூடான பிளக். குட்டையாக இருந்தால் விரைவில் வெளியேறும், அது குளிர்ந்தது. முனையின் வெப்பம் ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் படியும் கரி தானே எரிந்து நீங்கும். 850ஐத் தாண்டினாலோ, பொறி விழுமுன்பே பெட்ரோல் பற்றிக்கொண்டு பிஸ்டனைப் பதம் பார்த்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதே தேர்வு.

கடையில் சாம்பியன் கிடைக்கவில்லை, என்.ஜி.கே. இருந்தது. கடைக்காரர் பி.பி.6.இ.எஸ். எடுத்துவைத்தார். 14 மில்லிமீட்டர் மரை, அதன் நீளம் 19 மில்லிமீட்டர். இரண்டும் பழையதோடு பொருந்தின. எனினும் அப்பாவின் வாக்கை மீற மனமின்றி, எண் கூடட்டும் என்று 7 கேட்டு வாங்கினோம். இடைவெளியைக் கையேட்டில் கண்டபடி 0.025 அங்குலமாக வைத்துப் பூட்டினோம்.

ஏற்காட்டுச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நான்காவதில், ஒரு பேருந்துக்கு வழிவிட்டுக் காத்திருக்கையில் இன்ஜின் நின்றது. பின்னிருக்கையில் அம்மா பையை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தார். “அவர் இருந்தாலும் நின்றிருக்கும்” என்றார். எங்களைத் தேற்றவே அப்படிச் சொன்னார் என்பது தெரிந்தது.

சேலத்தில் லாரிப் பட்டறையில் முதிர்ந்த மெக்கானிக் ஒருவர், பிளக்குகளைக் கழற்றி வரிசை மாறாமல் துணியில் கிடத்தினார். ஒன்று, இரண்டு, நான்கில் உலர்ந்த கரி. மூன்றாவது எண்ணெயில் நனைந்திருந்தது. குறிப்பேட்டை வாங்கிப் படித்துச் சிரித்தார்.

“அப்பா எழுதினது சரிதான் தம்பி. சாம்பியன்ல நம்பர் கூடினா சூடு. இதுல நம்பர் கூடினா குளிர்ச்சி. நீங்க தலைகீழா வாங்கிட்டீங்க.”

பாஷின் பழைய வரிசையில் 175ஐவிட 225 குளிர்ந்தது. அவற்றுக்கே பின்னாளில் வந்த எண்கள் 7, 5. அங்கே எண் குறையக் குறையக் குளிர்ச்சி. ஒரே நிறுவனத்திலேயே கணக்கு திரும்பியிருக்கிறது.

மூன்று பிளக்குகளுக்கு எண்ணை மாற்றினால் போதும் என்றார். மூன்றாம் சிலிண்டருக்கு மட்டும் இன்னும் சூடான பிளக் போடலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டார்.

“போடலாம். எண்ணெயை எரிச்சிட்டுக் கொஞ்ச நாள் ஓடும். உள்ளே என்ன கேடுன்னு உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்பாவின் இருமலுக்கு இரண்டு ஆண்டுகள் இருமல் மருந்தையே மாற்றி மாற்றி வாங்கிக் கொடுத்தவர்கள் நாங்கள். இனிப்பில்லாதது, தூக்கம் வராதது என்று கடைக்கடையாய்த் தேடித் தேர்ந்தெடுத்தோம். படம் எடுத்துப் பார்த்தபோது காலம் கடந்திருந்தது.

அவர் அழுத்தமானியை வைத்துப் பார்த்தார். மூன்றாவதில் குறைவு. சிறிது எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தபோது ஏறியது; ஆகவே வால்வு அல்ல, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. இன்ஜினைப் பிரிக்க வேண்டும். வண்டியின் விலையையே எட்டும் செலவு. இரும்புக்குப் போடலாம் என்றிருந்தவரே முதலில் தம் பங்கை எடுத்துவைத்தார்.

இரண்டு மாதங்கள் கழித்து, பி.பி.6.இ.எஸ். நான்குடன் மலையேறினோம். இருபது வளைவுகளும் கடந்தன. ஏரிக்கரையில் அம்மா தேநீர் குடித்துக்கொண்டிருக்க, இன்ஜின் ஆறியபின் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தோம். அப்பா காலத்துப் புத்தகங்கள் சொல்லும் அடர்பழுப்பு அல்ல. ஈயம் நீங்கி எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் நிறம் வெளிறித்தான் தெரியும். நான்கும் ஒரே நிறமாக, உலர்ந்திருந்தன.

பழைய என்5 பிளக்குகளைத் துடைத்துக் குறிப்பேட்டுடன் பெட்டியில் வைத்தோம். அப்பாவின் வரிக்குக் கீழே எங்கள் வரி ஒன்றையும் எழுதினோம்: ‘என்.ஜி.கே. என்றால் எண் குறைய வேண்டும். ஒரு பிளக் மட்டும் நனைந்திருந்தால் எண்ணை மாற்றக் கூடாது.’