சிவப்பு மூடி

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு இன்சுலின் குப்பிகள் இருக்கும். ஒன்று அம்மாவுடையது, மற்றது சோமுவுடையது. அம்மாவுக்கு வயது 76, சர்க்கரை வந்து 18 வருடம். சோமுவுக்கு வயது 10. ஆண் பூனை, கருத்தடை செய்தது, எடை ஆறரைக் கிலோ. பூனைக்குச் சர்க்கரை வர இதைவிடப் பொருத்தமான ஜாதகம் கிடையாது என்றார் டாக்டர். அவர் சொல்வதற்கு முன்பே எறும்பு சொல்லிவிட்டது. அவன் ஒன்றுக்குப் போகும் மணல் தட்டைச் சுற்றி இரண்டு நாளாகச் சாரை சாரையாக எறும்பு. எட்டிப் பார்த்த அம்மா, "இதுக்கும் வந்துடுச்சா?" என்றாள், உறவுக்காரர் வீட்டுச் சேதி கேட்டதுபோல.

அம்மாவுக்கு ஊசி போட்டுப் பழகிய கை என்பதால் பூனைக்குப் போடுவதில் எனக்குப் பயமே இருக்கவில்லை. அதுதான் வினையாயிற்று.

அம்மாவின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. சோமுவுக்கு எழுதித் தந்த கிளார்ஜின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. அவனுக்கான அளவு 2 யூனிட், அதாவது ஒரு மில்லியில் ஐம்பதில் ஒரு பங்கு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரஞ்சு மூடி தீர்ந்துபோயிருந்தது. அம்மாவின் பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தேன். அதே 2 என்ற கோடு வரை இழுத்தேன். போட்டுவிட்டேன். சிவப்பு மூடி சிரிஞ்சில் அந்தக் கோடு 0.05 மில்லி. கிளார்ஜின் கணக்கில் 5 யூனிட். கணக்கு வாத்தியார் மகள் நான்.

ராத்திரி பதினோரு மணிக்கு அம்மாதான் கண்டுபிடித்தாள்.

"ஏண்டி, இங்க வா. பூனை என்னை மாதிரியே நடக்குது பாரு."

சர்க்கரை கட்டுப்படாத பூனைகள் சில பின்னங்காலின் குதிகாலைத் தரையில் ஊன்றி நடக்கும். நரம்பு பாதிப்பு அது. சோமுவிடம் சில மாதங்களாகவே இருந்தது. அதனால் அவன் நடை கோணினால் நான் திரும்பிப் பார்ப்பதை விட்டிருந்தேன். அம்மா பார்த்தது வேறு. சுவரோடு ஒட்டி வந்தான். திரும்பும்போது இடுப்பு மட்டும் ஒரு பக்கம் சரிந்தது. விளக்கு வெளிச்சத்திலும் கண்ணின் கருமணி விரிந்தே கிடந்தது. சாப்பாட்டுத் தட்டு வரை போய், எதற்கு வந்தோம் என்று மறந்தவன்போல நின்றான். சுகர் இறங்கும்போது அம்மாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசல் வரை வந்து இப்படித்தான் நிற்பாள்.

மீட்டரில் 41. மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும். ஆனால் ஆள் தள்ளாடும்போது அந்தக் கொஞ்சத்தை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. டாக்டருக்குப் போன் போட்டபடியே தேனை விரலில் தொட்டு ஈறில் தடவினேன். வாயில் ஊற்றக் கூடாது. தள்ளாடுகிற பூனைக்கு அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். வலிப்பு வந்தாலோ மயங்கினாலோ தேனைத் தடவிக்கொண்டே வண்டியில் ஏறிவிடுங்கள், விழுங்குகிறான் என்றால் முதலில் தீனி கொடுங்கள் என்றார். தேன் அவனுக்கு இனித்திருக்காது. பூனைக்கு இனிப்பை உணரும் மரபணு வேலை செய்வதில்லை என்று 2005இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். பிசுபிசுவென்று ஏதோ ஒன்று என்றுதான் நாக்கைச் சுழற்றியிருப்பான்.

பதினைந்து நிமிடத்தில் 58. அரை மணியில் 77. வேகவைத்த கோழியைத் தின்றான். அப்பாடா என்று விளக்கை அணைத்திருப்பேன். அம்மா விடவில்லை. "எனக்குத் தேன் கொடுத்துட்டு நீ தூங்கப் போன அன்னிக்கு ரெண்டு மணிக்கு மறுபடி இறங்குச்சே, மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன். தேன் நின்று வேலை செய்வதில்லை. உள்ளே போன இன்சுலின் நிற்கும். கிளார்ஜின் குப்பிக்குள் அமிலத்தில் தெளிந்த நீராக இருக்கிறது. தோலுக்கடியில் போனதும் நுண்ணிய பொடியாகப் படிந்து, வாயில் போட்ட கற்கண்டுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. ஏழு மணிக்கு நான் வைத்த கற்கண்டு விடியும்வரை கரைந்துகொண்டுதான் இருக்கும். 1:50க்கு மறுபடி 52.

அன்று ராத்திரி அவன் காதில் பதினோரு முறை குத்தினேன். காது குத்துவது தனி வித்தை. குளிர்ந்த காதில் ரத்தம் வராது. வெந்நீர் நிரப்பிய மருந்துக் குப்பியைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி ஒரு நிமிடம் ஒற்ற வேண்டும். விளிம்பை ஒட்டி ஓடும் ரத்தக்குழாயில் குத்தாமல், ரத்தக்குழாய்க்கும் விளிம்புக்கும் நடுவில் குத்த வேண்டும். பின்பக்கம் பஞ்சை மடித்து வைக்காவிட்டால் நம் விரலில் குத்திக்கொள்வோம். முடியில் ரத்தம் பரவிவிடும் என்பதால் துளி வாசலின் தடவிக்கொண்டால் சொட்டு முத்துப்போலத் திரண்டு நிற்கும். கடைசியில் அந்த இடத்தைப் பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். எல்லோரும் விடுவது இதைத்தான். விட்டால் காது கன்றிப்போகும், அடுத்த முறை பூனை கட்டிலுக்கடியில் போய்விடும்.

விடிந்ததும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே 312 காட்டியது! கூடை, ஆட்டோ, பக்கத்துப் பெஞ்சில் நாய். பயந்த பூனைக்குச் சர்க்கரை எகிறும். நோயில்லாத பூனைக்கும் அப்படித்தான். நான் ராத்திரிக் கணக்கை எழுதிய நோட்டை நீட்டினேன். டாக்டர் மீட்டரை விட்டுவிட்டு நோட்டைத்தான் படித்தார். இன்றைக்கு ஊசி கிடையாது, நாளைக்கு 1 யூனிட்டில் தொடங்கலாம் என்றார்.

ராத்திரியைக் கடத்தியதைவிட அடுத்த நான்கு நாளைக் கடத்தியதுதான் கடினம். மறுநாள் சோமுவுக்கு 388. அதற்கடுத்த நாள் 402. சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கினால் உடம்பு அலறிப்போய் அட்ரினலின், கார்ட்டிசால், குளுக்ககான் என்று கையில் கிடைத்ததையெல்லாம் இறக்கிக் கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே தள்ளும். அந்த ஆட்டம் அடங்கச் சில நாள் ஆகும். இது புரியாமல் எண்ணைப் பார்த்து அளவை ஏற்றினால் திரும்பவும் அதே பாதாளம். எனக்குப் புரிந்திருந்தது. ஆனாலும் 402ஐப் பார்த்ததும் கை பரபரத்தது. ஒன்றரை யூனிட் போட்டால் என்ன? இன்னொரு மனசு, பேசாமல் ஊசியையே நிறுத்திவிட்டால் என்ன என்றது. நிறுத்தினால் கொழுப்பு கரைந்து கீட்டோன் ஏறும், அதுவும் கொல்லும். தினமும் மணல் தட்டருகே காத்திருந்து, அவன் உட்காரும்போது கீட்டோன் ஸ்ட்ரிப்பை நீட்டினேன். என்னை அவன் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

பயத்தில் நான் செய்த இன்னொரு தப்பு, தீனி. நடுராத்திரி எழுப்பி எழுப்பி ஊட்டினேன். அம்மா சொல்லிப் பார்த்தாள். "எனக்கு லோ ஆன மறுநாளும் நீ இப்படித்தான் மிட்டாயைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே சுத்துன. பூனையைப் பூனையா இருக்க விடு." டாக்டரும் ஏறக்குறைய அதையே சொன்னார், கொஞ்சம் மரியாதையாக.

ஐந்தாம் நாள் காலை 290. ஒரு வாரத்தில், ஊசி போட்டு ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 160. அளவை ஏற்ற வேண்டியிருக்கவில்லை. இதில் தீனிக்கும் பங்குண்டு. அம்மா ரகசியமாக வைத்துவந்த பால்சோறும் தயிர்ச்சோறும் அந்த வாரம்தான் அம்பலமாயின. இப்போது மீனும் கோழியும் மட்டும், சோறே கிடையாது. "நானும் சோறு திங்கக் கூடாது, அவனும் திங்கக் கூடாது. அப்புறம் இந்த வீட்ல எதுக்கு மாசம் 10 கிலோ அரிசி?" என்றாள். எனக்குத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

சிவப்பு மூடி சிரிஞ்சுகள் அம்மாவின் பீரோவுக்குப் போய்விட்டன. ஆரஞ்சு மூடிகள் சமையலறை ஆணியில் பையில் தொங்குகின்றன. ஐந்துக்குக் குறைந்தால் அன்றே மருந்துக்கடை. இழுத்த ஊசியை வெளிச்சத்தில் பிடித்து, அளவை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன். பக்கத்து அறையிலிருந்து அம்மா அதைத் திருப்பிச் சொல்வாள்.

ராத்திரி பதினோரு மணிக்கு இப்போதும் விழிப்பு வந்துவிடுகிறது. நேற்றும் வெந்நீர்க் குப்பியைத் துணியில் சுற்றும் சத்தம் கேட்டு சோமு தானாகவே வந்து மடியில் ஏறினான், கோழிக்காகத்தான்.

"எவ்ளோடி?" இருட்டிலிருந்து அம்மாவின் குரல்.

"நூத்தி முப்பத்தெட்டு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்து என் முன்னால் உட்கார்ந்து விரலை நீட்டினாள்.

"எனக்கும் பாரு. ஊசியை மாத்து."

141.

"மூணுல போச்சு," என்றாள்.