மீன் இல்லாத நாற்பது நாள்கள்

அல்லாஹ்வின் படைப்புகளில் கண்ணுக்குத் தெரிபவை சில, தெரியாதவை பல. தெரியாதவற்றின் உழைப்பைக் கொண்டே தெரிபவை உயிர் வாழ்கின்றன. இவ்வுண்மையை நூல்களில் பலமுறை வாசித்திருக்கிறோம். எங்கள் மதரஸாவின் தாழ்வாரத்தில் அமைந்த ஒரு கடல்நீர்த் தொட்டி அதனை எங்களுக்கும் மாணவர்களுக்கும் கண்முன்னே விளக்கிற்று.

நாங்கள் வாழ்வது மன்னார் வளைகுடாவின் கரையில். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் வளரும் கடல் இது. ஆயினும் எங்கள் பிள்ளைகள் பாறை மீன்களை வலையில் துடிப்பவையாகவும் குழம்பில் கிடப்பவையாகவும் மட்டுமே கண்டிருந்தனர். அவை உயிரோடு நீந்துவதை அவர்கள் காணட்டும் என்று ஊரின் கொடையாளர் ஒருவர் 200 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி ஒன்றை வாங்கித் தந்தார். அவரை ஊரில் எல்லோரும் காக்கா என்றே அழைப்போம்.

வலையில் சிக்கிய பவளக்கட்டை ஒன்றை மீனவர் ஒருவர் அன்போடு கொண்டுவந்தார். நன்றி கூறி மறுத்துவிட்டோம். கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. இறந்த பவளமாயினும் எடுப்பது குற்றமே. எனவே சுட்ட பீங்கானாலான செயற்கைப் பாறைகளையும், கடையில் வாங்கிய மணலையும் இட்டோம். கரையோர நீரில் ஊரின் கழிவும் கலந்திருப்பதால், சுத்திகரித்த நீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்பைக் கலந்து நிரப்பினோம். வெப்பநிலையை 26 பாகையில் நிறுத்தினோம். நீர் பளிங்கு போல் தெளிந்தது. அந்தத் தெளிவே சோதனையாக அமைந்தது.

தெளிந்த நீர் யாவும் வாழத்தக்க நீர் அன்று. மீனின் செவுள்களும் கழிவும் அமோனியாவை வெளியிடுகின்றன. கடல்நீரின் காரத்தன்மை 8.2 அளவில் இருப்பதால், அந்த அமோனியாவில் நஞ்சாக நிற்கும் பங்கு நன்னீரில் இருப்பதைவிடப் பொதுவாக மிகுதி. அது செவுளை எரித்து மீனைத் திணறடிக்கும். பரந்த கடலில் இந்நஞ்சு தங்குவதில்லை. ஒருவகைப் பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொரு வகை அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றது. 1890-இல் வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர் இவ்வுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். சாதாரணப் பாக்டீரியாக்கள் அரை மணி நேரத்தில் இரட்டிக்கக்கூடியவை. இவையோ இரட்டிக்கப் பல மணி நேரமோ ஒரு நாளோ, சில வேளை அதற்கு மேலுமோ எடுத்துக்கொள்கின்றன. இவை பெரும்பாலும் நீரில் மிதப்பதில்லை. பாறையிலும் மணலிலும் ஒட்டிக் குடியேறுகின்றன. இக்குடியேற்றம் நிறைவடைய நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். தொட்டி வளர்ப்போர் இதனைத்தான் சைக்கிளிங் என்கின்றனர்.

முதல் நாளில் பாக்டீரியாக் கரைசலை ஊற்றி, பத்து லட்சத்தில் 2 பங்கு என்னும் அளவுக்கு அமோனியம் குளோரைடைச் சேர்த்தோம். மீன் இல்லாமலேயே பாக்டீரியாக்களுக்கு உணவு கிடைத்தது. மாணவர்கள் நாளொருவராகச் சோதனைக் குழாயில் நீரை எடுத்து, நிறத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதினர். அமோனியா இருந்தால் பச்சை, இல்லையேல் மஞ்சள். நைட்ரைட் இருந்தால் ஊதா, இல்லையேல் நீலம். ஒரு வாரம் வரை பச்சை அசையவில்லை. ஒன்பதாம் நாள் ஊதாவின் முதற்சாயல் தெரிந்தது. பார்ப்பதற்கு ஒன்றுமற்ற அந்நீரில் ஒரு சமூகம் பிறந்துகொண்டிருந்தது. ஸுப்ஹானல்லாஹ்!

இந்நிலையில் மதரஸாவின் ஆண்டுவிழா வந்தது. அது 23-ஆம் நாள். குழாயில் பச்சை இன்னும் முற்றாக மறையவில்லை, ஊதாவோ கருத்திருந்தது. விழாவுக்கு வருவோர் வெறும் நீரைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்று காக்கா வருந்தினார். "நாலு மீனை விடுங்கள் ஹஜ்ரத். செத்தால் வேறு நாலு வாங்கித் தருகிறேன். நாம் மீன் தின்கிறவர்கள்தானே?" என்றார். கடைக்காரரும் அதையே பரிந்துரைத்திருந்தார். வலிமையான டாம்செல் மீன்களை முதலில் விட்டு நீரைப் பழக்குவது பலரிடம் வழக்கத்தில் உள்ளதுதான்.

அவருடைய கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆகவே அதனைப் பாடமாகவே எடுத்துக்கொண்டோம். உயிர்களை வளர்ப்பது ஆகுமானதே. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவியை வைத்திருந்தார். அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் அன்போடு அதனைப் பற்றி விசாரித்தார்கள். குருவி வைத்திருந்ததை அவர்கள் கண்டிக்கவில்லை. இந்த ஒரு ஹதீஸிலிருந்து கிடைக்கும் பயன்களைத் தொகுத்து ஷாஃபியீ அறிஞர் இப்னுல் காஸ் தனி நூலே எழுதினார். ஆனால் பூனையை அடைத்துவைத்துப் பட்டினியால் கொன்ற பெண்ணின் செய்தியும் நம்மிடம் உண்டு. அடைத்து வைப்பவரின் பொறுப்பு, அடைபட்டது வாழத் தேவையானதைத் தருவது. மீனுக்கு இரையைப் போல நீரும் அத்தகைய தேவையே.

உண்பதற்காகப் பிடிப்பது நமக்கு அனுமதிக்கப்பட்ட ஒன்று. உயிருள்ளதைக் கட்டிவைத்து அம்பெறியும் இலக்காக்குவதையோ நபியவர்கள் வன்மையாகக் கண்டித்தார்கள். நீர் நஞ்சா இல்லையா என்று அறிய மீனைச் செலுத்திப் பார்ப்பது இதற்கு நெருங்கியதே என்பது எங்கள் முடிவு. அதே செய்தியைச் சோதனைக் குழாயின் நிறம் வலியின்றிச் சொல்லும்போது, அம்மீனின் துன்பத்திற்கு என்ன நியாயம் இருக்கிறது?

கொடை தந்தவரின் மனத்தை நோகடிக்கவும் எங்களுக்கு விருப்பமில்லை. மதரஸா நடப்பதே அத்தகையோரின் ஆதரவால்தான். அவரிடம் இவை யாவற்றையும் பணிவாகக் கூறினோம். தொட்டியும் பொருளும் அவர் தந்தவை. அதில் வாழப்போகும் உயிர்களுக்காக நாளை பதில் சொல்லவேண்டியவர்கள் நாங்கள் என்றோம். அவர் மறுமொழி சொல்லவில்லை. முகம் தெளிந்ததாகவும் கூற முடியாது.

விழா நாளில் தொட்டி வெறும் நீரோடுதான் நின்றது. அருகே பிள்ளைகளின் பதிவேட்டை வைத்தோம். பதினொரு வயது மாணவர் ஒருவர் 23 நாள்களின் நிறங்களை வருவோருக்கு விளக்கினார். சிலர் நின்று கேட்டனர். சிலர் சிரித்துக்கொண்டே நகர்ந்தனர். காக்கா தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

36-ஆம் நாள் மஞ்சளும் நீலமும் ஒருங்கே தோன்றின. மீண்டும் 2 பங்கு அமோனியாவை இட்டோம். 24 மணி நேரத்தில் அது முழுவதும் நைட்ரேட்டாக மாறியிருந்தது. குடியேற்றம் நிறைவடைந்தது, அல்ஹம்துலில்லாஹ். சேர்ந்திருந்த நைட்ரேட்டைக் குறைக்கப் பாதி நீரை மாற்றினோம். 41-ஆம் நாள், கடலில் பிடிக்கப்படாமல் பண்ணையில் பொரித்த கோமாளி மீன்கள் இரண்டைக் காக்காவே தம் கையால் வாங்கி வந்தார். பையைத் திறக்குமுன், "இன்று நிறம் என்ன?" என்று அந்த மாணவரிடம் கேட்டார்.

பின்னர்ப் பாறைகளில் பழுப்புப் படலம் படர்ந்தது. புதுத்தொட்டிகளில் அது இயல்பு. சில வாரங்களில் தானே குறைந்தது. மென்பவளங்களை வைக்க இன்னும் மாதங்கள் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் இப்போது அவசரப்படுத்துவதில்லை.

மூஸா (அலை) அவர்களுக்குக் குறிக்கப்பட்ட தவணை நாற்பது இரவுகளாக நிறைவு பெற்றது. அதுவரை பொறுக்க மாட்டாதவர்கள் கண்ணுக்குத் தெரியும் கன்றுக்குட்டி ஒன்றைச் செய்துகொண்டனர். பொறுமையின்மை பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கிறது. பார்வைக்கு ஏதேனும் ஒன்று உடனே வேண்டும் என்று நாம் கேட்கிறோம். மனனம் செய்ய வந்த பிள்ளையின் முதல் மாதங்களைக் கண்டு சலிக்கும் பெற்றோருக்கும், புதிதாய்த் தொழுகைக்கு வந்தவரிடம் உடனே மாற்றத்தை எதிர்பார்க்கும் நமக்கும் இத்தொட்டி சொல்வது ஒன்றே. வேர்பிடிக்கும் காலம் வெறுங்காலம் அன்று. அக்காலத்தில் பாரத்தை ஏற்றாமல் காப்பதும் ஓர் அமானிதமே.

வல்ல அல்லாஹ் நம் பொறுப்பிலுள்ள சிறிய உயிர்களிடத்தும் நீதியோடு நடக்கும் உள்ளத்தை நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.