டீ மாஸ்டரும் அயர்ன்பைத்தானும்

அயர்ன்பைத்தான்ல டபிள்யூபிஎஃப் ஜன்னல் கட்டி விளையாடுற மக்களுக்காக இந்தப் பதிவு. மத்தவங்க ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க :-)

திரையில இருக்கிற லேபிளை, அதை உருவாக்கின த்ரெட் மட்டும்தான் தொடணும். பின்னால இன்னொரு த்ரெட் கோப்பு இறக்கிட்டு இருக்கு, "பாதி முடிஞ்சுது"ன்னு லேபிள்ல எழுதணும்னா நேரா எழுத முடியாது, எக்ஸப்ஷன் வந்து விழும். டீக்கடையில பாய்லரை மாஸ்டர்தான் தொடுவார், நாம சீட்டுதான் கொடுக்கலாம். இங்கே சீட்டு வாங்கறவர் பேரு டிஸ்பாட்சர்.

சரின்னு டிஸ்பாட்சரோட பிகின்இன்வோக்குக்கு நம்ம மெத்தடைக் கொடுத்தா, "நான் கேட்டது டெலிகேட், இது மெத்தட்"னு திருப்பி அனுப்பிடுது. அட, பட்டனோட கிளிக்குக்கு இதே மெத்தடைக் கொடுத்தா சத்தமில்லாம வாங்கிக்குதே?

காரணம் இருக்கு. கிளிக்குக்கு எந்த வகை டெலிகேட் வேணும்னு தெளிவா சொல்லியிருக்கு. அந்த அச்சுல நம்ம மெத்தடை அயர்ன்பைத்தானே வார்த்துக் கொடுத்துடும். பிகின்இன்வோக் கேக்கிறதோ மொட்டையா ஒரு 'டெலிகேட்'. எத்தனை ஆர்க்யுமெண்ட், என்ன திருப்பித் தரும், ஒண்ணும் அதுல கிடையாது. எந்த அச்சுல வார்க்கிறது, பாவம்? அதனால நாமதான் ஆக்‌ஷன்(செல்ஃப்.காட்டு)ன்னு சுத்திக் கொடுக்கணும். செல்ஃப் கூடவே ஒட்டிக்கிட்டுப் போயிடும், தனியா அனுப்ப வேண்டியதில்லை.

பைத்தானைத் திட்டாதீங்க. சி ஷார்ப்லயே லாம்டாவை இப்படி நேரா டெலிகேட்டுக்குக் கொடுக்க முடிஞ்சது 2021-ல, பத்தாவது பதிப்புலதான்!

'காட்டு'வுக்குப் பின்னால அடைப்புக்குறி போட்டுடாதீங்க. போட்டா மெத்தட் அங்கேயே, அந்தத் தப்பான த்ரெட்லயே ஓடிடும். சீட்டு கொடுக்காம நீங்களே பாய்லர்ல கை வெச்ச கதைதான்.

பிகின்இன்வோக்கா, இன்வோக்கா? முன்னது சீட்டைக் கொடுத்துட்டு வேலையைப் பாக்கப் போறது. பின்னது டீ கைக்கு வர்ற வரைக்கும் கவுண்டர்லயே நிக்கிறது. நீங்க அங்கே நிக்க, மாஸ்டரோ உங்க த்ரெட் முடியட்டும்னு ஜாயின் போட்டு உக்காந்திருந்தார்னா தீர்ந்துது. எர்ரர் வராது, எக்ஸப்ஷன் வராது, ஜன்னல் மட்டும் செத்துக் கிடக்கும். எதைன்னு தேடுவீங்க? அதனால என் ஓட்டு பிகின்இன்வோக்குக்குத்தான். விடை கையோட வேணும்னா மட்டும் இன்வோக், அதுவும் அந்தப் பக்கம் யாரும் உங்களுக்காகக் காத்திருக்கலைன்னு பாத்துட்டு.