904-க்குப் பிறகு 1

லேபில் கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டால் நாம் என்ன செய்வோம்? கொஞ்ச நேரம் முறைத்துப் பார்ப்போம், அப்புறம் ரீபூட். உயிர் வந்துவிடும். சேவ் செய்யாதது மட்டும் போயே போச்சு! காமிக்ஸ் கதைகளுக்கும் இந்த வைத்தியம் உண்டு.

சூப்பர்மேன் பிறந்தது 1938-இல், 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில். எழுபது வருஷத்துக்கு மேல் ஓடிய கதை. நடுவில் யார் செத்தார், யார் திரும்பி வந்தார் என்று புதிதாக வாங்குகிறவனுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. அதனால் 2011 செப்டம்பரில் டி.சி. கம்பெனி 52 தலைப்புகளை 1-ஆம் நம்பரிலிருந்து ஆரம்பித்தது. 904 வரை எண்ணி வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் மறுபடியும் 1! 1996-இல் சூப்பர்மேனுக்கும் லோயிஸ் லேனுக்கும் நடந்த கல்யாணம் நடக்கவே இல்லை என்றாகிவிட்டது. அதுவரை கூடவே வந்த வாசகன் என்ன பாடுபட்டிருப்பான்? அவன் மொய் எழுதிய கல்யாணம் அல்லவா!

இந்த வருத்தம் எனக்குப் புரிந்தது என் மாமாவால்தான். அம்மாவின் தம்பி, திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர். தாத்தா முத்துக் குளித்தவர். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக் குளிப்பு நடக்கவே இல்லை. மாமா பங்குக்குக் கிடைத்த முத்து சிவகாசியிலிருந்து வந்தது. முத்து காமிக்ஸ்! ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், காமிக்ஸை மட்டும் விடவில்லை. காற்று அடித்துத் தண்ணீர் கலங்கிவிட்டால் குளிக்க இறங்க முடியாது. அந்த நாட்களில் ட்ரங்குப் பெட்டி திறக்கும். உப்புக் காற்றில் பின்னெல்லாம் துருப்பிடித்து, தாள் பழுப்பேறிக் கிடக்கும் புத்தகங்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது அந்தப் பெட்டியில்தான்.

முதல் இடம் இரும்புக்கை மாயாவிக்கு. 1962-இல் லண்டன் 'வேலியண்ட்' பத்திரிகையில் தொடங்கியவன், 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் தமிழனானான். விபத்தில் வலது கை போய், இரும்புக் கை பொருத்திய லூயிஸ் கிராண்டேல். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், கை மட்டும் தெரியும். (எலக்ட்ரிக்கல் நண்பர்கள் முயற்சி செய்ய வேண்டாம்!) முதல் கதையில் அவன் வில்லன். பிறகு திருந்தி உளவாளியானான். அதற்காக யாரும் பழைய கதையை அழிக்கவில்லை. "திருடனா இருந்தாம்னு தெரிஞ்சாத்தானலே திருந்தினதுக்கு மதிப்பு" என்பார் மாமா.

எங்கள் பக்கத்துக் காமிக்ஸும் ஒருமுறை ஹேங் ஆனதுதான். முத்துவும், 1984-இல் பிறந்த லயனும் எப்போதாவது ஒன்று என்று தேய்ந்து போயின. 2012 ஜனவரியில் லயன் 'கம்பேக் ஸ்பெஷல்' வந்தது. அப்புறம் பெரிய சைஸ், வழவழப்பான தாள், கலர். மாமாவுக்குச் சந்தோஷம் பாதி, முணுமுணுப்பு பாதி. விலை ஒரு காரணம். "மாயாவிக்குக் கறுப்பு வெள்ளைதாம்லே அழகு" என்பது இன்னொன்று. ஆனால் லயன் 1-க்குத் திரும்பவில்லை. விட்ட நம்பரிலிருந்தே எண்ணிக்கொண்டு போய், 2015-இல் 250-ஐத் தொட்டது. மாமா அதை மட்டும் பாலிதீன் உறை போட்டு வைத்திருக்கிறார்.

"நம்பர விடலைல்லா மருமவனே. அப்பம் நாங்களும் கணக்குல உண்டும்லா."

புதுசாகத் தொடங்குவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. புது வாசகன் நுழைய ஒரு வாசல் வேண்டும். அதற்காகப் பழைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும் திண்ணையை இடிக்க வேண்டுமா? டி.சி.யும் 2016-இல் சூப்பர்மேனின் பழைய குடித்தனத்தைத் திரும்பக் கொண்டுவந்து, ஆக்‌ஷன் காமிக்ஸுக்கு 957 என்று நம்பர் போட்டது. 904-உம் நடுவில் வந்த 52-உம் கூட்டினால் 956, அடுத்தது 957. சொன்னதும் மாமா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "கூட்டத் தெரிஞ்சிருக்கு அவனுவளுக்கு" என்றார்.

நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னது ஒரே வசனம்: "நம்ம குடும்பத்துல முதமுதலாப் படிக்கிற பய." சர்டிபிகேட்படி சரிதான், கேட்கவும் இனிப்பாகத்தான் இருந்தது. மாமாவும் அங்கே நின்று, எல்லாருக்கும் கலர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் 1 என்றால், எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவருக்கு என்ன நம்பர்?

இப்போது லீவு நாட்களில் துருப்பிடித்த பின்களைப் பிடுங்கிவிட்டு, புத்தகங்களை நூல் போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறேன். அட்டை கிழிந்துபோன 14 இதழ்களுக்கு நம்பர் தெரியவில்லை. யார் வீட்டிலாவது பழைய முத்து காமிக்ஸ் இருந்தால், மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு வகுப்பில் வந்து சொல்லுங்கள். எடுத்துக்கொள்ள மாட்டேன், நம்பரைப் பார்த்துக்கொண்டு அன்றைக்கே தந்துவிடுவேன்.